அம்மாவுக்கு மட்டும் காகித போர்டிங் பாஸ்

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அம்மாவை அழைத்துக்கொண்டு விமானத்தில் சென்றபோது, இருவருக்குமான போர்டிங் பாஸையும் என் கைப்பேசியிலேயே வைத்திருந்தேன். முதல் நாளே ஆன்லைனில் செக்-இன் முடித்து, இரண்டு பாஸ்களையும் கைப்பேசியின் வாலட் செயலியில் சேர்த்துவிட்டதில் எனக்குப் பெரிய நிம்மதி. அம்மாவுக்கு முழங்கால் வலி என்பதால் சக்கர நாற்காலி உதவி கேட்டிருந்தோம். பாதுகாப்புச் சோதனை நடக்கும் இடம் வரை அவருக்குப் பக்கத்திலேயே நடந்து வந்தேன். அங்கே, நாற்காலியைத் தள்ளி வந்த ஊழியர் அம்மாவை வேறொரு வழியாக அழைத்துச் செல்ல, நான் பொது வரிசையில் நின்றேன். என் கைப்பேசி தட்டில் ஏறி எக்ஸ்ரே இயந்திரத்துக்குள் போய்விட்ட அந்த நேரம் பார்த்து, அந்தப் பக்கம் நின்ற காவலர் அம்மாவிடம் பாஸைக் கேட்டார். அம்மாவிடம் பாஸ்போர்ட் மட்டும்தான் இருந்தது. அதை நீட்டினார். பாஸ் எங்கே என்று அவர் மறுபடியும் கேட்டார். "மககிட்ட இருக்கு" என்று சொல்லிவிட்டு, தடுப்புக்கு அப்பால் நின்ற கூட்டத்தில் என் முகத்தைத் தேடினார் அம்மா.

ஐந்து நிமிடத்துக்குள் எல்லாம் சரியாகிவிட்டது. தட்டு வெளியே வந்ததும் கைப்பேசியை எடுத்துக் காட்டினேன். காவலரும் தன்மையாகவே அனுப்பி வைத்தார். யார் மீதும் குறை சொல்ல அதில் ஒன்றுமில்லை, என்னைத் தவிர. வாழ்நாள் முழுவதும் தன் காரியங்களைத் தானே பார்த்துக்கொண்ட ஒருவரிடம், அவருடைய பயணத்துக்கான சீட்டை அவர் கையில் கொடுக்க எனக்குத் தோன்றவே இல்லை. அன்று வரை, காகிதமா மொபைலா என்று யார் கேட்டாலும் யோசிக்காமல் மொபைல் என்று சொல்லிவந்தவள் நான். என்னுடைய பாஸ் இப்போதும் மொபைலில்தான் இருக்கிறது. ஆனால் இனிமேல் காகிதமே வேண்டாம் என்ற பேச்சு எழும்போது என்னால் அதற்கு உடன்பட முடியவில்லை.

போர்டிங் பாஸில் நாம் படிப்பது வேறு, இயந்திரம் படிப்பது வேறு என்பதைத் தெரிந்துகொண்டால் இந்த விவாதம் பாதி தெளிந்துவிடும். ஒரு காலத்தில் பாஸ் என்பது பின்புறம் காந்தப் பட்டை பதித்த தடித்த அட்டையாக இருந்தது. அதை அச்சிடவும் படிக்கவும் தனி இயந்திரங்கள் வேண்டும். பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டா, பார்கோடு பதித்த போர்டிங் பாஸுக்கான தரநிலையை 2005-இல் கொண்டுவந்து, 2010 இறுதிக்குள் எல்லா உறுப்பு நிறுவனங்களும் அதற்கு மாறிவிட வேண்டும் என்று இலக்கு வைத்தது. அதன் பிறகு காந்தப் பட்டைக்கு வேலை இல்லாமல் போயிற்று. சாதாரணத் தாளில் வீட்டு பிரிண்டரில் அச்சிட்டாலும், கைப்பேசித் திரையில் காட்டினாலும், விமானம் ஏறும் கேட்டில் உள்ள ஸ்கேனருக்கு எல்லாம் ஒன்றுதான். வீட்டிலேயே பாஸ் அச்சிட்டுக்கொள்ளும் வசதியை அலாஸ்கா ஏர்லைன்ஸ் 1999-இலேயே தந்துவிட்டது. அமெரிக்காவில் மொபைல் பாஸ் 2007 டிசம்பரில் ஹூஸ்டன் விமான நிலையத்தில் கான்டினென்டல் ஏர்லைன்ஸ் நடத்திய சோதனை முயற்சியோடு தொடங்கியது. ஆப்பிள் நிறுவனம் 2012-இல் பாஸ்களைச் சேர்த்து வைக்கும் பாஸ்புக் என்ற செயலியைக் கொண்டுவந்தபோது, பாஸை மின்னஞ்சலில் தேடி எடுக்க வேண்டிய அவசியமும் நீங்கியது.

அந்தப் பார்கோடுக்குள் இருப்பது மிகச் சிறிய விவரம். ஒரே ஒரு விமானத்தில் போகும் பயணி என்றால், கட்டாயமாக இருக்க வேண்டிய பகுதி 60 எழுத்துகளில் முடிந்துவிடுகிறது. பெயருக்கு 20 இடம் (நீளமான பெயர் உள்ளவர்களின் பாஸில் பெயர் பாதியில் வெட்டுப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்), பிறகு பிஎன்ஆர் எனப்படும் முன்பதிவு எண், புறப்படும் ஊருக்கும் சேரும் ஊருக்கும் மும்மூன்று எழுத்து, விமான நிறுவனத்தின் குறியீடு, விமான எண், தேதி, வகுப்பு, இருக்கை, எத்தனையாவது ஆளாக செக்-இன் செய்தீர்கள் என்ற வரிசை எண். தேதிகூட மாதம், நாள் என்று எழுதப்படுவதில்லை. ஜனவரி 1 என்றால் 001, பிப்ரவரி 1 என்றால் 032 என்று ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதே எண்ணாக இருக்கும். எந்த ஆண்டு என்பது அந்த 60 எழுத்துகளுக்குள் கிடையாது. கேட் எண்ணும் இல்லை, விமானத்தில் ஏறும் நேரமும் இல்லை. ஸ்கேனர் இந்த விவரத்தைப் படித்து, விமான நிறுவனத்தின் கணினியில் உள்ள பயணிகள் பட்டியலோடு ஒப்பிட்டு, ஆள் சரிதானா, ஏற்கெனவே ஏறிவிட்டவரா என்று பார்க்கிறது. உண்மையான பதிவு அந்தக் கணினியில்தான் இருக்கிறது. நம் கையில் இருப்பது அதைத் தேடி எடுப்பதற்கான ஒரு குறிப்பு.

இதனால்தான், செக்-இன் முடித்த பிறகு பாஸ் தொலைந்தாலும் பயணம் கெடுவதில்லை. கவுன்டரிலோ, கியாஸ்க் எனப்படும் தானியங்கி இயந்திரத்திலோ, கேட்டிலோ அடையாள அட்டையைக் காட்டினால் இன்னொன்றை அச்சிட்டுத் தருவார்கள். சில நிறுவனங்களில் அதற்குக் கட்டணம் உண்டு. இந்த ஒரு செய்தி தெரிந்திருந்தால், பாஸைக் காணோம் என்று பை முழுவதையும் தரையில் கொட்டித் தேடுகிறவர்களின் படபடப்பு எவ்வளவோ குறையும்.

மொபைலின் அருமை கேட் மாறும்போதுதான் தெரியும். பார்கோடில் கேட் எண் இல்லை என்பதால், காகிதத்தில் அச்சாகியிருக்கும் கேட் எண் அச்சிட்ட அந்த நிமிடத்தின் செய்தி மட்டுமே. வீட்டில் அச்சிட்டால் பெரும்பாலும் அந்த இடம் காலியாகவே இருக்கும். காலையில் கவுன்டரில் வாங்கிய தாளில் 7 என்று இருப்பதை நம்பி ஏழாவது கேட்டுக்கு எதிரில் அமைதியாக உட்கார்ந்திருக்கும் ஒருவர், தலைக்கு மேல் உள்ள பலகையை நிமிர்ந்து பார்க்காவிட்டால், தன் விமானம் டெர்மினலின் மறுகோடியில் இருந்து கிளம்பப்போவது அவருக்குத் தெரியாது. வாலட்டில் உள்ள பாஸ் அப்படிக் கைவிடாது. நிறுவனம் தன் பக்கத்தில் மாற்றினால் நம் பாஸிலும் எண் மாறி, கைப்பேசியும் ஒரு முறை அதிர்ந்து அறிவிக்கும். ஒருமுறை கேட் மாற்றத்தை ஒலிபெருக்கியில் சொல்வதற்கு முன்பே என் கைப்பேசி சொல்லிவிட்டது. நான் எழுந்து நடந்தபோது, பக்கத்தில் அமர்ந்திருந்த முதியவர் என்னைப் பார்த்துவிட்டு, தன் தாளைக் காட்டி, "இதுல இதே நம்பர்தானேம்மா போட்டிருக்கு?" என்று கேட்டார். அவருடைய தாளில் இருந்த எண் பழையதாகிவிட்டது என்பதை நான் சொல்லித்தான் அவர் அறிந்தார்.

ஆனால் இந்த நன்மை வாலட்டில் சேர்த்த பாஸுக்கும் நிறுவனத்தின் செயலியில் உள்ள பாஸுக்கும்தான் உண்டு. பலரும் செய்வதுபோல ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டால், அது காகிதத்தைப் போலவே உறைந்துபோன ஒரு படம்; அதோடு காகிதத்தின் நன்மைகளும் அதற்குக் கிடையாது. மின்னஞ்சலில் வந்த இணைப்பை அங்கே போய்த் திறந்துகொள்ளலாம் என்று விட்டுவைப்பது அதைவிட மோசம். நிலைய வைஃபையில் இணைவதற்கே ஓடிபி கேட்டு, அந்த ஓடிபி வெளிநாட்டில் வேலை செய்யாத நம் சிம்முக்கு வர வேண்டியிருக்கும். வாலட்டில் ஒருமுறை சேர்த்துவிட்டால் நெட் இல்லாமலும் பாஸ் திறக்கும். வீட்டில் இருக்கும்போதே சேர்த்து, விமானப் பயன்முறையில் போட்டு, திறக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது என் பழக்கம்.

திரைக்கும் சில குறைகள் இருக்கின்றன. காகிதத்தில் நீண்ட செவ்வகமாகக் காணப்படும் பார்கோடுக்குப் பிடிஎஃப்417 என்று பெயர். அந்த அகலம் கைப்பேசித் திரைக்குப் பொருந்தாததால் மொபைல் பாஸில் அஸ்டெக், கியூஆர் போன்ற சதுரக் குறியீடுகள் வருகின்றன. கேட்டில் என்ன நடக்கிறது என்று வரிசையில் நின்றபடி கவனித்துப் பாருங்கள். ஸ்கேனர் கண்ணாடி கீழிருந்து மேல்நோக்கிப் பார்க்கிறது. அதன்மேல் கைப்பேசியைக் குப்புற வைக்க வேண்டும். குப்புற வைத்த திரையை நாம் பார்க்க முடியாது. வைக்கும்போதே விரல் பட்டுப் பக்கம் நகர்ந்துவிடும், அல்லது திரை அணைந்துவிடும், அல்லது சரியாக அந்த நொடியில் ஒரு குறுஞ்செய்தி மேலே வந்து குறியீட்டை மறைக்கும். இயந்திரம் சத்தம் எழுப்பாததால் எடுத்துத் திருப்பிப் பார்த்து, மறுபடி திறந்து, வெளிச்சத்தைக் கூட்டி, மறுபடி வைக்கிறார்கள். ஒரு கைப்பேசியில் நான்கு பேரின் பாஸை வைத்திருக்கும் குடும்பத் தலைவரின் பாடு இன்னும் சிரமம்: முதல் பாஸே இரண்டாவது முறையும் பட்டுவிட்டால் ஏற்கெனவே ஏறிவிட்டவர் என்று இயந்திரம் மறுக்கும், பின்னால் நிற்கும் வரிசை பெருமூச்சு விடும். திரையில் குறியீட்டுக்கு நடுவே ஒரு விரிசல் ஓடினாலும் இதே கதைதான்.

சார்ஜ் தீர்ந்துவிடும் என்ற அச்சத்தை நான் அவ்வளவாகப் பெரிதாக்குவதில்லை. அது முன்கூட்டியே பார்த்துக்கொள்ளக்கூடிய விஷயம். எனக்கு உறுத்துவது வேறு. காகிதத்தை யாரிடம் வேண்டுமானாலும் நீட்டலாம். கவுன்டரில் கொடுத்துவிட்டு லக்கேஜைத் தூக்கலாம். சக்கர நாற்காலி தள்ளும் ஊழியரிடம் கொடுத்து வைக்கலாம். குழந்தையின் சட்டைப்பையில் வைத்து அனுப்பலாம். கைப்பேசியை நீட்டும்போது பாஸோடு சேர்த்து நம் செய்திகள், வங்கிக் கணக்கு, குடும்பப் படங்கள் எல்லாவற்றையும், அதுவும் பூட்டுத் திறந்த நிலையில், முன்பின் தெரியாத ஒருவர் கையில் கொடுக்கிறோம். இமிக்ரேஷன் மேசையில் ஓர் அதிகாரி என் கைப்பேசியை வாங்கித் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு விமான எண்ணைப் பதிவு செய்தபோது, என் தோழியின் தனிப்பட்ட செய்தி ஒன்று திரையின் மேல் வந்து போனது. அவர் அதைப் பார்க்காததுபோல் இருந்தார். அவருக்கும் அது சங்கடமாகத்தான் இருந்திருக்கும்.

இப்படிச் சொல்வதால் காகிதம் பத்திரமானது என்று எண்ணிவிடக் கூடாது. பார்கோடில் உள்ள விவரம் மறைகுறியாக்கம் செய்யப்பட்டதன்று. கைப்பேசியில் ஓர் ஸ்கேனர் செயலி வைத்திருக்கும் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். பெயரும் பிஎன்ஆரும் கிடைத்தால் பல நிறுவனங்களின் இணையதளத்தில் பயண விவரத்துக்குள் நுழைந்துவிட முடியும். ஆஸ்திரேலியாவின் முன்னாள் பிரதமர் டோனி அபாட் 2020-இல் தன் போர்டிங் பாஸின் படத்தை இன்ஸ்டாகிராமில் போட்டபோது, அதிலிருந்த முன்பதிவு எண்ணைக் கொண்டு ஒருவர் அவருடைய பாஸ்போர்ட் எண்ணையும் தொலைபேசி எண்ணையும் கண்டெடுத்து, உரியவர்களுக்குத் தெரிவித்து எச்சரித்தார். நாட்டை ஆண்டவருக்கே இது நடந்தது. அப்படியிருக்க, பயணம் முடிந்ததும் பாஸை இருக்கைப் பைக்குள் செருகிவிட்டு இறங்குகிறோம், புத்தகத்தில் அடையாளத்துக்கு வைத்து அந்தப் புத்தகத்தை இரவல் கொடுக்கிறோம். நான் பார்கோடின் நடுவே இரண்டாகக் கிழித்து, இரண்டு துண்டுகளையும் வெவ்வேறு குப்பைத் தொட்டியில் போடுகிறேன். ஸ்கிரீன்ஷாட் எடுத்தவர்கள் அதைக் கைப்பேசியின் கேலரியிலிருந்தும், அது தானாகச் சென்று சேர்ந்திருக்கும் கிளவுடிலிருந்தும் நீக்க வேண்டும்.

பயணம் முடிந்த உடனேயே கிழித்துவிட வேண்டாம் என்பதையும் சொல்ல வேண்டும். அலுவலகத்தில் பயணச் செலவைத் திரும்பப் பெறவும், அடிக்கடி பறப்பவர்களுக்குச் சலுகையாகத் தரும் மைல்கள் கணக்கில் ஏறாமல் போனால் கேட்டு வாங்கவும், விமானம் தாமதமானதற்கு இழப்பீடு கேட்கவும் பாஸைக் கேட்பார்கள். கவுன்டரிலும் கியாஸ்க்கிலும் தருவது பெரும்பாலும் வெப்பத்தால் எழுத்துத் தோன்றும் தெர்மல் தாள். அதில் மை கிடையாது. தாளின் மேல் பூசிய ரசாயனம் சூடு பட்ட இடத்தில் கறுக்கிறது. அதே காரணத்தால் வெயிலில் கார் கண்ணாடிக்குப் பின்னால் போட்டு வைத்தால் முழுத் தாளும் கறுத்துவிடும். பல மாதங்கள் பையில் கிடந்தால் எழுத்து மங்கி வெற்றுத் தாளாகிவிடும். ஆகவே வாங்கிய அன்றே ஒரு படம் எடுத்துக்கொள்வது நல்லது. மொபைல் பாஸிலும் பயணம் முடிந்ததும் சில செயலிகள் பாஸை மறைத்துவிடுகின்றன. தேவைப்படுவோர் பிடிஎஃப் கோப்பாக முன்பே சேமித்துக்கொள்ள வேண்டும்.

லக்கேஜ் போடுகிறவர்களுக்கு ஒரு சிறு செய்தி. பெட்டியில் கட்டும் பட்டையிலிருந்து கிழித்து, பத்து இலக்க எண் உள்ள ஒரு ஸ்டிக்கரைத் தருவார்கள். பெட்டி வந்து சேராவிட்டால் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான். காகித பாஸ் இருந்தால் அதன் பின்புறம் ஒட்டிக் கொடுத்துவிடுவார்கள். மொபைல் பாஸ் காரர்கள் அதைச் சட்டைப்பையில் போட்டுத் தொலைக்கிறார்கள்.

2024 ஜூலை 19 அன்று நடந்ததை இந்த விஷயத்தில் மறக்க முடியாது. கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு அனுப்பப்பட்ட பிழையான புதுப்பிப்பு ஒன்றால் உலகம் முழுவதும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் செயலிழந்தன என்று மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது. விமான நிறுவனங்களின் செக்-இன் கணினிகள் நீலத் திரையோடு நின்றுபோயின. அன்று சில விமான நிலையங்களில் பயணிகளுக்குப் பேனாவால் எழுதிய போர்டிங் பாஸ்களைக் கொடுத்தார்கள். பெயர், விமான எண், தேதி, இருக்கை எண் எல்லாம் ஊழியரின் கையெழுத்தில். அந்தப் படங்களைப் பார்த்தபோது எனக்கு வியப்பைவிட மரியாதைதான் தோன்றியது. கணினி இல்லாவிட்டாலும் ஒரு மனிதர் எழுதி இன்னொரு மனிதர் படித்து ஆளை விமானத்தில் ஏற்ற முடியும் என்ற ஏற்பாடு எங்கோ ஒரு மூலையில் இன்னும் உயிரோடு இருக்கிறது. வெற்றுத் தாள், அச்சுத் தாள், அதைக் கிழித்து வாங்கும் கை ஆகிய எல்லாவற்றையும் ஒழித்துவிட்டால், அடுத்த முறை அப்படியொரு நாளில் எதை வைத்து எழுதுவார்கள் என்று தெரியவில்லை.

அந்தத் திசையில்தான் காரியங்கள் நகர்கின்றன. ஐரோப்பாவின் ரயன்ஏர் விமான நிறுவனம் 2025 நவம்பர் 12 முதல் வீட்டில் அச்சிட்ட பாஸ்களை ஏற்பதை நிறுத்தி, செயலியில் உள்ள டிஜிட்டல் பாஸுக்கு முழுமையாக மாறியது. ஆன்லைனில் செக்-இன் செய்தவரின் கைப்பேசி தொலைந்தாலோ சார்ஜ் தீர்ந்தாலோ கேட்டில் கட்டணமின்றி உதவி செய்யப்படும் என்றும் அந்த நிறுவனம் அறிவித்திருக்கிறது. பதிவு கணினியில் இருப்பதால் அது செய்யக்கூடியதே. தாளும் அச்சுச் செலவும் மிச்சமாகும் என்ற வாதத்தை நான் மதிக்கிறேன். ஆனால் தொலைந்துபோன கைப்பேசிக்கு வழி இருக்கிறது என்பதும், கைப்பேசியே வைத்திராத ஒருவர் தயங்காமல் வந்து நிற்கலாம் என்பதும் ஒன்றாகிவிடாது. முன்னவர் உதவி கேட்கிறவர். பின்னவர் பயணச்சீட்டுக்குப் பணம் கொடுத்த, மற்றவர்களுக்குச் சமமான பயணி. அவர் ஒவ்வொரு தடவையும் நின்று, விளக்கம் சொல்லி, யாருடைய தயவையாவது எதிர்பார்க்கும்படி ஓர் ஏற்பாட்டை அமைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. கியாஸ்க்கில் ஒரு பொத்தானை அழுத்தினால் தாள் வரும் என்ற அளவுக்காவது காகிதம் எங்கும் இருக்க வேண்டும், கட்டணமில்லாமல் இருக்க வேண்டும்.

இப்போது எங்கள் வீட்டு ஏற்பாடு இதுதான். இருவருடைய பாஸும் என் கைப்பேசியில் இருக்கும். கேட் மாறினால், நேரம் தள்ளிப்போனால் எனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக. அம்மாவின் பாஸை மட்டும் நிலையத்துக்குப் போனதும் கியாஸ்க்கில் அச்சிட்டு, லக்கேஜ் ஸ்டிக்கரையும் அதன் பின்புறம் ஒட்டி அவரிடமே கொடுத்துவிடுகிறேன். அவர் அதை மடிக்காமல் பாஸ்போர்ட்டுக்குள் வைத்து, ஒரு முனை மட்டும் வெளியே தெரியுமாறு பிடித்துக்கொள்வார். பார்கோடின் மேல் மடிப்பு விழக் கூடாது என்று ஒரே ஒரு முறைதான் சொன்னேன்.

சென்ற முறை போனபோது, கடைசி நேரத்தில் வேறு விமானத்தை அனுப்பியதால் இருக்கைகள் மாறிவிட்டன. என் கைப்பேசியில் எண் தானாக மாறியிருந்தது. அம்மாவின் தாளில் பழைய எண்ணே இருந்தது. கேட்டில் அம்மா தாளை நீட்டியதும் இயந்திரத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. நான் வாய் திறப்பதற்குள், ஊழியருக்குப் பக்கத்தில் இருந்த சிறிய பிரிண்டர் கிர்ரென்று ஒரு துண்டுச் சீட்டை வெளியே தள்ளியது. "உங்க சீட் மாறியிருக்கும்மா" என்று சொல்லி அவர் அதை அம்மாவின் கையிலேயே கொடுத்தார். எனக்கும் ஒரு சீட்டு வந்தது. விமானத்தின் வாசலில் நாற்காலியை விட்டு இறங்கி, இருக்கைகளின் முதுகைப் பிடித்தபடி மெல்ல நடந்த அம்மா, தலைக்கு மேல் இருந்த எண்களையும் கையிலிருந்த சீட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே போய், பதினோராவது வரிசையில் நின்று, எனக்கு இதுதான் இடம் என்று காட்டினார்.